மணியோசை கேட்டவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதப் பதிலொன்றில், என் மேசைமேல் இருக்கும் இங்கிலாந்து ஆட்டு மணியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக நீலநாக்கு நோயும் குடற்புழு மருந்தும் கேட்டு எழுதும் வாசகர்கள் இந்த முறை மணியைக் கேட்டே எழுதியிருக்கிறீர்கள். அவசரமான நோய்க் கேள்விகள் மூன்றுக்கும் தபாலில் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவை அடுத்த இதழுக்கு. இந்த மாதம் பக்கம் முழுவதும் மணிக்குத்தான்.

டாக்டர் ஐயா, அந்த மணி உங்கள் கைக்கு எப்படி வந்தது? பார்க்க எப்படி இருக்கும்?
– வாசகி, அருப்புக்கோட்டை

என் மகள் பிரைட்டன் நகரில் செவிலியராக இருக்கிறாள். ராமநாதபுரம் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, நான்கு மாதம் அவளோடு இருந்தேன். அந்த ஊருக்குப் பின்னால் பஸ்ஸில் சிறிது நேரம் போனால் சவுத் டவுன்ஸ் குன்றுகள். வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடலோரம் வரை நீளும் சுண்ணாம்புக் குன்றுகள் அவை. மரம் குறைவு, புல் அதிகம். பல நூற்றாண்டுகளாகச் செம்மறிகள் கடித்துக் கடித்து அந்தப் புல்லைக் கம்பளம்போல் ஆக்கியிருக்கின்றன. குன்றுகளின் அடிவாரத்தில் லூயிஸ் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. அங்கே பழம்பொருள் கடைகள் நிறைய. ஒரு கடையில் பூட்டு, சாவி, லாடம் எல்லாம் கொட்டிக் கிடந்த மரப்பெட்டிக்குள் இந்த மணி கிடந்தது. எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். அதன்பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. 35 பவுண்டு கொடுத்து வாங்கினேன்.

என் உள்ளங்கை நீளம் இருக்கும். கோயில் மணிபோல வளைவாக இருக்காது. அடி திறந்த தகர டப்பாவைக் கவிழ்த்ததுபோல் நாற்சதுரமாக இருக்கும். இரும்புத் தகட்டை மடித்து, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ஆணி அறைந்து இறுக்கி, பித்தளை பூசியிருக்கிறார்கள். பூச்சு தேய்ந்த இடத்தில் துரு, தேயாத இடத்தில் மங்கிய மஞ்சள். உள்ளே இரும்பு நாக்கு. ஆட்டின் கழுத்தின்மேல் வளைந்து உட்காரும் மரத்துண்டு ஒன்று, மணியை அதோடு பிணைக்கும் தோல்வார், வார் நழுவாமல் பூட்டி நிறுத்த இரண்டு சிறிய முளைகள். முளைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'லாக்கியர்'. மேய்ப்பர்களே எலும்பிலோ மரத்திலோ செதுக்கிக்கொள்வார்கள். என்னிடம் உள்ள மணியில் ஒரு முளை எலும்பு, மற்றது மரம். இரண்டும் ஒரே கை செதுக்கியதாகத் தெரியவில்லை. எலும்பு முளை ஒன்று எங்கோ மேய்ச்சலில் உடைந்து, அந்த இடத்திலேயே கத்தியை எடுத்து ஒரு குச்சியைச் சீவிப் போட்டிருக்க வேண்டும். அந்த மரமுளையைத்தான் நான் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன்.

எல்லா ஆட்டு மணியும் இப்படித்தான் இருக்குமா?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

இல்லை. என்னிடம் இருப்பது 'கேனிஸ்டர்' வகை. மேலே தோள் அகன்று வாய் குறுகியிருந்தால் 'கிளக்கெட்'. பெயரைச் சொல்லிப் பாருங்கள், அதன் ஓசை அதிலேயே இருக்கிறது. 'ரம்ப்ளர்' என்பது மூடிய உருண்டை. நம் சலங்கையைப்போல உள்ளே பரல் உருளும். வில்ட்ஷயரில் ஆல்ட்போர்ன் என்ற ஊரில் ராபர்ட் வெல்ஸ் என்பவர் வார்த்த ரம்ப்ளர்களில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பதிந்திருக்கும். இவை தவிர, கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற வார்ப்பு மணிகளும் உண்டு.

ஆடுகள் கண்ணெதிரே மேயும்போது மணி எதற்கு? நானும் நாற்பது ஆடு வைத்திருக்கிறேன். மணி கட்டியதே இல்லை.
– ஆடு வளர்ப்பவர், கமுதி

உங்கள் நாற்பதும் கண்ணெதிரே நிற்கும். சவுத் டவுன்ஸ் மேய்ப்பரிடம் சில நூறு ஆடுகள் இருக்கும். துணைக்கு ஒரு நாய், சில நேரம் ஒரு பையன். அங்கே நிலம் சமமாக இருக்காது. ஒரு மடிப்பு இறங்கினால் அடுத்த மடிப்பு தெரியாது. அதற்கும் மேலே மூடுபனி. கடலிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடத்தில் குன்றை மூடிவிடும். நான் ஒருநாள் அதில் மாட்டிக்கொண்டேன். நீட்டிய கைக்கு அப்பால் பாதை தெரியவில்லை. அன்றுதான் மணியின் பயன் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தப் பனிக்குள் மந்தை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல ஒலி ஒன்றுதான் இருந்திருக்கும்.

ஆனால் 'எங்கே' என்பது பாதிதான். 'என்ன செய்கிறது' என்பதையும் மணி சொல்லும். ஆடு தலை குனிந்து புல்லைக் கடித்து இழுக்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் மணி சின்னதாக ஒருமுறை அசையும். நடக்கும்போது சீரான தாளம் வரும். படுத்து அசைபோடும்போது ஏறக்குறைய ஓசையே இருக்காது. அந்நிய நாய் புகுந்தால் மந்தையின் மணிகளெல்லாம் ஒரே நேரத்தில் கலகலத்துக் குழம்பும். மேய்ப்பர் புல்மேல் சாய்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டே இவை எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருப்பார்.

கால்நடை மருத்துவன் என்ற முறையில் என்னை மிகவும் தொட்டது வேறு ஒன்று. கம்பளி வெட்டும் காலத்துக்குச் சற்று முன்பு அந்த ஆடுகளுக்கு முடி கனத்துக் கிடக்கும். அரிப்பெடுத்துப் புரளும் ஆடு சில நேரம் மல்லாந்துவிடும். அந்தக் கம்பளிப் பாரத்தோடு அதனால் தானாக எழ முடியாது. மல்லாந்த நிலையில் ஏப்பம் வெளியேறாது. முதல் இரைப்பையில் வாயு ஏறி நுரையீரலை அழுத்தும். யாரும் கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் செத்துவிடும். மேய்ந்துகொண்டிருந்த மணி ஒன்று திடீரென்று நின்றுவிட்டதா, அல்லது இருந்த இடத்திலேயே விட்டு விட்டு உதறுகிறதா, மேய்ப்பர் எழுந்து போய்ப் பார்ப்பார். புரட்டி நிறுத்தினால் போதும், ஆடு பிழைத்துவிடும். நம் ராமநாதபுரம் வெள்ளைக்கும் கீழக்கரிசலுக்கும் வேம்பூர் ஆட்டுக்கும் அப்படிப்பட்ட கம்பளி கிடையாது. அதனால் இந்த ஆபத்தை என் 31 ஆண்டில் நான் நம் ஊரில் பார்த்ததில்லை.

எந்த ஆட்டுக்கு மணி கட்டுவார்கள்? எல்லாவற்றுக்குமா?
– வாசகர், மானாமதுரை

எல்லாவற்றுக்கும் கட்டினால் ஒன்றும் காதில் பிரியாது. சில நூறில் இருபது, முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் துணிச்சலான ஆட்டுக்கு ஒன்று. ஒதுங்கித் திரியும் பழக்கமுள்ள ஆடுகளுக்குக் கட்டாயம் ஒன்று. காயடித்த கிடாவின் கழுத்தில் மணி கட்டி மந்தைக்கு முன்னோடியாக விடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் அந்தக் கிடாவுக்கு 'பெல்வெதர்' என்று பெயர். தேர்தல் சமயத்தில், நாட்டின் போக்கை முன்கூட்டியே காட்டும் தொகுதியை ஆங்கிலப் பத்திரிகைகள் இதே சொல்லால் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொல் பிறந்த இடம் ஆட்டு மந்தை.

மணிகள் பண்ணை முதலாளிக்குச் சொந்தமா, மேய்ப்பருக்கா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

நல்ல கேள்வி கேட்டீர்கள் ஐயா. ஆடு முதலாளியுடையது. நிலம் முதலாளியுடையது. பட்டியும் அவருடையது. மணி மட்டும் மேய்ப்பருடையது. வேலை மாறினால் ஆடுகளை விட்டுவிட்டு, மணிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஓசையுள்ள மணிகளாகப் பார்த்து ஆண்டுக்கணக்கில் சேர்ப்பார்கள். குறைந்த கூலிக்காரர் ஒருவர் தன் காசைப் போட்டு, தனக்குச் சொந்தமில்லாத ஆடுகளின் கழுத்தில் கட்டியிருக்கிறார். பயனுக்காக மட்டும் என்றால் நாலு மணி போதுமே. நாள் முழுக்கத் தனியாக நிற்கும் மனிதருக்கு அந்த ஓசைதான் பேச்சுத் துணை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மைக்கேல் பிளான் என்று ஒரு மேய்ப்பர் இருந்தார். அப்பர் பீடிங் என்ற ஊர்க்காரர். 1843-இல் பிறந்து 1934-இல் மறைந்தார். தகரக் குழல் வாசிப்பார், பாடுவார். தான் பாடும் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு வொர்திங் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நான் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆணி அறைந்து முடித்த மணிக்குப் பித்தளை எதற்கு? துருப்பிடிக்காமல் இருக்கவா?
– பட்டறைக்காரர், திருப்புவனம்

துருவுக்கும் உதவும். ஆனால் முக்கியக் காரணம் ஓசை. ஆணி மட்டும் அறைந்த தகட்டுப் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிச் 'சடசட' என்று அடங்கிவிடும். உருகிய பித்தளை அந்த இடுக்குகளுக்குள் ஓடி நிரப்பியதும் பெட்டி ஒரே உடம்பாகிவிடும். அப்போதுதான் குரல் வரும். வில்ட்ஷயரில் மார்க்கெட் லாவிங்டன், கிரேட் செவரெல் ஆகிய ஊர்க் கொல்லர்கள் இந்த வேலையில் பேர் பெற்றவர்கள். டவுன்ஸ் மேய்ப்பர்களின் மணிகளில் அவர்கள் கைவேலையும் உண்டு.

இன்றும் கையால் செய்யும் இடம் வேண்டுமானால் போர்ச்சுகலின் அல்காசோவாஸ் இருக்கிறது. அங்கே இரும்பைக் காய்ச்சாமல் பட்டடைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்தே கிண்ணமாக மடிக்கிறார்கள். அதைச் சுற்றிச் செம்பு அல்லது வெள்ளீயத் துண்டுகளை வைத்து, களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து பொதிந்து உலையில் போடுகிறார்கள். உள்ளே உலோகம் உருகி இரும்பின்மேல் எங்கும் பரவிப் பிடிக்கிறது. வெளியே எடுத்ததும் தண்ணீரில் முக்கி, வெந்த மண்ணை உடைத்தெடுத்து, மெருகேற்றி, கடைசியாகத் தட்டித் தட்டி ஓசையைச் சரிசெய்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ இந்தத் தொழிலை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சமயத்தில் எஞ்சியிருந்த கைவினைஞர்கள் 13 பேர். அவர்களில் ஒன்பது பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். களிமண் பொதிந்து சுடுவது என்றதும் நம் ஊர்ச் சிற்பிகள் மெழுகு அச்சின்மேல் மண் பூசும் காட்சி உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

நாள் முழுவதும் காதருகே மணி அடித்துக்கொண்டிருந்தால் ஆட்டுக்குத் தொந்தரவு இல்லையா?
– வாசகி, ராஜபாளையம்

இந்தக் கவலை நியாயமானது. சுவிட்சர்லாந்தில் பசுக்களை வைத்து ஆய்ந்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். அங்கே கட்டியது ஐந்தரைக் கிலோ மணி. மணி கட்டிய பசுக்கள் மேயும் நேரமும் அசைபோடும் நேரமும் குறைந்தன. இதயத் துடிப்பில் மாற்றம் இல்லை. ஐந்தரைக் கிலோ என்பது என் கணக்கில் அலங்காரம். மேய்ச்சலுக்குத் தேவையே இல்லை. என் ஆட்டு மணி மரத்துண்டோடு சேர்த்தே அரைக் கிலோ வராது. அப்படியானாலும் மணி கட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை கழுத்து முடியை விலக்கிப் பாருங்கள். வார் உரசிப் புண்ணாகி, ஈ மொய்த்து, புழு வைத்துவிட்டால் அந்த வேதனை மணியோசையைவிடப் பெரிது.

நம் பழைய இலக்கியத்தில் ஆட்டு மணி வருகிறதா ஐயா?
– தமிழாசிரியை, சிவகங்கை

உங்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி அம்மா இது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குறுந்தொகை 275-இல் ஒக்கூர் மாசாத்தியாரின் தலைவி தோழியை மேட்டுக்கு அழைக்கிறாள். தூரத்தில் ஒரு மணியோசை. மாலையில் ஊர் திரும்பும் "புல்லார் நல்லான் பூண்மணி கொல்லோ", அல்லது வேலை முடித்துக் காட்டாற்று வழியே வரும் தலைவனுடைய தேர்மணிதானோ? ஓசை ஒன்று, பொருள் இரண்டு. ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காலத்திலேயே காதால் கண்டவர்கள் நாம். ஆனால் அது பசுவின் மணி. ஆட்டு இடையனைப் பாடும்போது அகநானூறு மணியை விட்டுச் சீழ்க்கையைப் பாடுகிறது. கோலைக் காலோடு ஊன்றி ஒடுங்கி நின்றபடி, நாக்கை மடித்து அவன் எழுப்பும் 'மடிவிளி' கேட்டு மந்தை அசையாமல் தங்குகிறது. டவுன்ஸ் மேய்ப்பர்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்தபோது திடுக்கிட்டேன். வளைகோலை ஊன்றி, ஒரு காலைத் தளர்த்தி, அதே நிற்பு.

இவ்வளவு அழகான வழக்கம் ஏன் அழிந்தது?
– வாசகர், பரமக்குடி

மணியை யாரும் அழிக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த வேலை போனது, மணியும் போனது. நம் கிடை முறையைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பகலில் குன்றில் மேயும் ஆடுகளை மாலையில் கீழே ஓட்டிவந்து, உழுத வயலில் சவுக்குப் படல்போலப் பின்னிய தட்டிகளால் பட்டி அடைப்பார்கள். இரவு விழும் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். தட்டிகளை மாற்றி மாற்றி வயல் முழுவதும் சுற்றுவார்கள். லூயிஸ் பக்கம் கிளைண்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் எல்மன் (1753–1832) சீர்படுத்திய சவுத்டவுன் இனம், குன்றில் தின்று வயலில் உரமிடும் இந்த வாழ்க்கைக்குப் பொருந்திய ஆடு. மூட்டையில் இரசாயன உரம் வந்தது. கம்பி வேலி வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது குன்றுகளில் பெரும்பகுதி படைப் பயிற்சிக்குப் போனது. உணவு உற்பத்திக்காகப் பழைய புல்தரைகளில் ஏரும் ஓடியது. வேலிக்குள் நிற்கும் ஆட்டுக்கு மேய்ப்பர் வேண்டாம், மணியும் வேண்டாம். 2010-இல் அந்த நிலத்தைத் தேசியப் பூங்கா ஆக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆடுகளும் இருக்கின்றன. நான் நடந்த நாள்களில் வானம்பாடிகளின் குரல் கேட்டது. மணி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மேய்ப்பர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேய்ப்பர் இறந்தால் சவப்பெட்டிக்குள் ஒரு பிடி கம்பளி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று மேலே கேட்டால், காட்டுவதற்கு. ஆட்டை விட்டு வர முடியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. குட்டி போடும் மாதங்களில் திருவிழாவையும் பிள்ளையின் காதுகுத்தையும் விட்டுவிட்டுக் கிடையிலேயே நின்ற கீதாரிகளை, நம் ஊர் ஆட்டு மந்தைக்காரர்களை, எனக்குத் தெரியும். இதைப் படித்தபோது அவர்கள் முகங்கள்தான் வந்தன.

நம் கீதாரிகள் மணி கட்டுவதில்லையே, ஏன்? அந்த மணியை இங்கே யாருக்காவது கொடுத்துப் பார்த்தீர்களா?
– வாசகர், திருவாடானை

கொடுத்தேன். நான் பார்த்த கிடைகளில் ஒன்றிரண்டு ஆட்டுக்குச் சிறு மணி கட்டியிருப்பார்கள்; பெரும்பாலும் கூப்பாடும் சீழ்க்கையும்தான். இங்கிலாந்திலிருந்து திரும்பிய அந்தப் பங்குனியில், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம் போனேன். இருபது ஆண்டுப் பழக்கம். அவருடைய மந்தைக்கு நான் தடுப்பூசி போட்டிருக்கிறேன், அவர் வீட்டில் கூழ் குடித்திருக்கிறேன். மணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பு முளையைக் கண்டதும், "இது ஆட்டுக் கால் எலும்பு" என்று நான் சொல்லாமலேயே சொன்னார். முன்னோடியாகப் போகும் பெட்டை ஒன்றின் கழுத்தில் கட்டினார்.

முதலில் மந்தை மிரண்டு விலகியது. கால் மணி நேரத்தில் பழகிவிட்டது. கண்மாய்க் கரைக்கு ஓட்டினோம். நானும் அவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். ஆடுகள் சீமைக்கருவேல நெற்று பொறுக்கக் காட்டுக்குள் நுழைந்து மறைந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மேய்கிறது" என்றார். பிறகு, "நடக்கிறது" என்றார். அந்த மணியை அன்று காலைதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, "நின்றுவிட்டது டாக்டரே, வாருங்கள்" என்று எழுந்தார். உள்ளே போனால், அந்தப் பெட்டை ஒரு முள்மரத்தடியில் தலையைத் திருப்ப முடியாமல் நிற்கிறது. கழுத்து மரத்துண்டு தாழ்ந்த கிளையின் கவைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மொட்டைப் புல்வெளியில் மேயும் ஆட்டுக்காகச் செய்த அமைப்பு அது. நம் முள்காட்டுக்கு ஒத்துவராது என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அவர் அவசரப்படவில்லை. ஒரு கையால் ஆட்டின் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் மரமுளையைப் பிடுங்கினார். வார் நழுவியது, ஆடு விடுபட்டு ஓடியது. முளையை வேட்டியில் துடைத்து, வாரில் திரும்பச் செருகி, மணியை என் கையில் வைத்தார்.